வேட்டியின் வெள்ளை: மூன்றாம் வருடக் குறிப்பு

பதினேழு வருடம் பல் லேபில் செராமிக்கில் செயற்கைப் பல் செய்யும் வேலை பார்த்தேன். டாக்டர் அனுப்பும் சீட்டில் ஏ2, சி3 என்று ஷேடு எழுதியிருக்கும். நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரிப் பல் வரிசைதான் ஷேடு கைடு; அதில் மொத்தம் 16 பல். பார்த்தால் எல்லாமே வெள்ளை. 'ஏ' வரிசையில் செம்பழுப்பு ஓடும், 'சி' சாம்பல் தட்டும். இப்போது மாலையில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு எடுக்கிறேன். காலை முழுக்க ராயபுரம் வீட்டு மொட்டை மாடி அறையில் ஆயில் பெயின்டிங்.

முதல் வருடம் போட்டோவைப் பார்த்து வரைந்தேன். மெரினா, கபாலீஸ்வரர் கோயில் குளம், கோபுரங்கள். அதில் குளம் படம்தான் பாடம் சொல்லிக் கொடுத்தது. அடிப் பூச்சில் லின்சீட் ஆயிலை, அதாவது ஆளி விதை எண்ணெயை, தாராளமாக விட்டுக் குழைத்தேன். இரண்டாம் நாளே அதன்மேல், பெயின்டை நீர்க்க வைக்கும் டர்பன்டைன் கலந்த மெல்லிய பூச்சு. லேபில் ஓர் அடுக்கைச் சூளையில் சுட்டு எடுத்து, ஆறியதும் அடுத்ததை வைப்போம். கை அந்த வேகத்திலேயே இருந்தது. நான்கு மாதத்தில் வானம் முழுக்க வெடிப்பு, கோடையில் வறண்ட ஏரி மாதிரி.

ஆயில் பெயின்ட் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு மெல்ல இறுகுகிறது. எண்ணெய் மிகுந்த அடிப் பூச்சு இறுகி முடிவதற்குள் மேல் பூச்சு இறுகிவிட்டால், கீழே அசைய அசைய மேலே பிளக்கும். இப்போது முதல் பூச்சு பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பும் டர்பன்டைனும் மட்டும். அம்பரில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் காயும். அப்புறம் ஒவ்வொரு பூச்சுக்கும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டுகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதற்கும் கூடுதல் நாள் விட வேண்டும்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரவிவர்மா ஓவியங்களின் முன் நின்றபோது, துணிகளின் வெள்ளையை விட்டுக் கண் நகரவில்லை. அவர் 1906-இல் காலமானார். டைட்டானியம் வெள்ளை ட்யூபில் வந்ததெல்லாம் அதற்குப் பிறகு. நான் அதுவரை எங்கும் அந்த டைட்டானியத்தைத்தான் அப்பிக்கொண்டிருந்தேன். அது வெளிச்சத்தை உள்ளே விடாது. பல்லின் நுனியில் வெளிச்சம் கொஞ்சம் உள்ளே போய் வர வேண்டும், இல்லாவிட்டால் செயற்கைப் பல் என்று தெரிந்துவிடும். இத்தனை வருடம் கையில் இருந்த விஷயம் கேன்வாஸில் நினைவுக்கு வரவில்லையே என்று அன்றைக்கு மனசு அடித்துக்கொண்டது.

கோபுரங்களை ஓரம் வைத்தேன். மாடிக் கொடியில் காயும் அப்பாவின் வேட்டியை எடுத்துக்கொண்டேன். நிழல் மடிப்புக்கு அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் அம்பரும் கலந்து கொஞ்சம் வெள்ளை. வற்றல் எடுக்க மேலே வந்த அம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீலம் கொஞ்சம் தூக்கலா போட்டுட்டியேடா."

துணி அலசியவர் கண் அது. அந்தக் காலத்து நீலப்பொடியும் என் ட்யூபில் இருக்கும் அல்ட்ராமரீனும் ஒரே சரக்குதான். பேலட் கத்தியால் நிழலைச் சுரண்டி எடுத்து, அம்பரைக் கூட்டினேன். வெயில் துணிக்குள் புகுந்து வரும் இடத்தில் வெள்ளையே பூசவில்லை. அடிப் பூச்சைத் துணியால் துடைத்து, கேன்வாஸின் வெள்ளையை வெளியே கொண்டுவந்து, காய்ந்தபின் அதன்மேல் மஞ்சள் ஓக்கரை எண்ணெயில் நீர்க்கக் கரைத்து ஒரே ஒரு முறை இழுத்தேன். அந்த நாலு விரல் இடம் மட்டும் துணியாகவே நிற்கிறது. மூன்று வருடத்தில் நான் வரைந்ததிலேயே எனக்குப் பிடித்த இடம் அதுதான். கரைப்பக்கம் இன்னும் பிசுபிசுக்கிறது, அதைத் தொடவில்லை.

அடுத்து அம்மாவின் வாசல் கோலம். தெளித்த ஈரத்தில் மாவு விழுந்ததும் ஒரு வெள்ளை, தரை காய்ந்ததும் வேறு வெள்ளை. இரண்டு சின்ன கேன்வாஸுக்கு ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடித்தளப் பூச்சு அடித்து வைத்திருக்கிறேன். ஒன்று காலை ஐந்தரை மணிக்கு, மற்றது ஏழு மணிக்கு.