சின்னவரும் அலங்காரமும், கொஞ்சம் செங்கல் பொடியும்

என் வலது முட்டியில் நாலு விரற்கடை நீளத்துக்கு ஒரு சிராய்ப்புத் தழும்பு இருக்கிறது. ஆபீஸில் யாராவது கேட்டால் "பிரெஞ்சு ஓப்பன்ல விழுந்தது" என்கிறேன். முழுப் பொய் இல்லை.

2025 மே 25. பாரிஸில் ரோலண்ட் காரோஸ் மைதானத்தில் பிரெஞ்சு ஓப்பன் டென்னிஸ் தொடங்கிய அதே நாளில்தான் நீலகிரிக்கு ரெட் அலர்ட். தென்மேற்கு மழை கோத்தகிரியை வழக்கமாக இவ்வளவு போட்டு மொத்தாது. அது கூடலூர்க்காரர்கள் சொத்து, எங்களுக்கு ஐப்பசி மழைதான் பெரிசு. ஆனால் அந்த வாரம் மழையும் காற்றும் கைகோத்துக்கொண்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கும் கொட்டகையின் சுவரைச் சாய்த்துவிட்டுப் போயின. தாத்தா கட்டிய சுவர். செங்கல் ஒரு குவியல், மேலே உடைந்த மங்களூர் ஓடு ஒரு குவியல். இந்தக் குவியலைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடம் லீவு. வெளியே போக முடியாது. ஏழாவது போகப்போகிற பையன் டிவி முன்னால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. முதல் நாளே நடாலுக்கு மரியாதை செய்தார்கள். அங்கே பதினான்கு முறை பட்டம் வென்ற மனுஷன் அல்லவா? அவருடைய காலடித் தடத்தை ஒரு தகட்டில் பதித்து, மெயின் கோர்ட்டில் வலைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "பாதம் வச்சிருக்காங்களா? பூ போடுவாங்களா?" என்றார். போட மாட்டார்கள் என்று தெரிந்ததும் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஆனால் அன்று முதல் அம்மாவும் சேர்ந்துகொண்டார். ஆட்டம் புரியாது, ஆட்கள் புரியும். யானிக் சின்னர் அவருக்குச் 'சின்னவர்'. கார்லோஸ் அல்கராஸ் என்பது வாயில் நுழையாமல் 'அலங்காரம்' ஆகிவிட்டது. "சின்னவரு பாவம், வாயே தொறக்க மாட்டேங்கறாரு. அந்த அலங்காரம் சிரிச்சுச் சிரிச்சே காரியத்தை முடிச்சுக்குவான்" என்பது அவருடைய நிபுணர் கருத்து. டிவியில் பேசுகிற முன்னாள் வீரர்களும் சுற்றி வளைத்து இதைத்தான் சொன்னார்கள்.

பெண்கள் ஃபைனல் ஜூன் 7, சனிக்கிழமை. கோகோ காஃப் ஆடுகிறார் என்றதும், "கோகோவா? நாங்களும் ஸ்கூல்ல ஆடியிருக்கோம்" என்று வந்து உட்கார்ந்த அம்மா, யாரும் யாரையும் துரத்தாததால் ஏமாந்துபோனார். அன்று அங்கே பலத்த காற்று. முதல் செட்டை வென்ற சபலென்கா, அதற்குப் பிறகு பந்தைக் கண்ட இடத்துக்கெல்லாம் அனுப்பினார். மொத்தத்தில் எழுபது சொந்தத் தவறுகள். காஃப் 6-7, 6-2, 6-4 என்று முடித்தார். சமையலறை வாசலில் நின்று கடைசி செட்டைப் பார்த்த என் மனைவி, "கோத்தகிரி மொட்டை மாடில நாலு நாள் துணி காயப் போட்டிருந்தா அந்தப் பொண்ணுக்குக் காத்தைப் பத்தித் தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் ஆண்கள் ஃபைனல். நம் நேரத்துக்குச் சாயங்காலம் ஆறரைக்குத் தொடங்கியது. சின்னவர் முதல் இரண்டு செட், அலங்காரம் மூன்றாவது. நான்காவது செட்டில் சின்னவர் 5-3, அலங்காரத்தின் சர்வீஸில் 0-40. அதாவது மூன்று சாம்பியன்ஷிப் பாயின்ட், எதில் ஒன்றை எடுத்தாலும் பட்டம். மணி பத்தைத் தாண்டியிருந்தது. மறுநாள் திங்கள்கிழமை. ஸ்கூல் திறந்தே ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நான் குடும்பத் தலைவனுக்குரிய குரலில் சொன்னேன்: "முடிஞ்சுபோச்சு. மூணுல ஒண்ணு போதும். போய்ப் படு."

"அப்பா, ஒரே ஒரு பாயின்ட்..."

கரண்ட் போனது. எங்கோ ஒரு கற்பூர மரக் கிளை லைனில் விழுந்திருக்க வேண்டும், எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். செல்போனில் சிக்னலும் கூடவே போனது. இருட்டில் அம்மா, "சின்னவரு ஜெயிச்சாரா கண்ணு?" என்று கேட்டார்.

"ஜெயிச்சாச்சும்மா."

"பழனியாண்டவா" என்று அம்மா நிம்மதியாகத் திரும்பிப் படுத்தார்.

காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது பையன் என் போனை நீட்டினான். மூன்று பாயின்டையும் காப்பாற்றி, நான்காவது செட்டை, 6-6 சமமானால் ஆடுகிற டைபிரேக்கரில் பிடுங்கி, ஐந்தாவதில் பத்து பாயின்டுக்கு ஆடும் சூப்பர் டைபிரேக் வரை போய், அதை 10-2 என்று முடித்திருந்தான் அலங்காரம். 5 மணி 29 நிமிடம். அந்தப் போட்டியின் சரித்திரத்திலேயே மிக நீளமான ஃபைனல். என் பையன் அதில் கடைசி ஒன்றரை மணி நேரத்தைத் தூங்கிக் கழித்திருக்கிறான், என் உத்தரவின் பேரில். அவன் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பார்வைக்கு நான் நஷ்ட ஈடு கொடுத்தே ஆக வேண்டியிருந்தது. இட்லியை வாயில் வைத்துக்கொண்டே அவன் தீர்ப்பைச் சொன்னான்: "எனக்கு ஒரு களிமண் கோர்ட் வேணும்."

களிமண் கோர்ட் என்று பேர்தானே தவிர அதில் களிமண்ணே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. பையன் படித்துவிட்டு வந்து பாடம் எடுத்தான். மேலே தெரிகிற அந்தச் சிவப்பு, செங்கல் தூள். அதுவும் இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் கிடையாது. அதற்கடியில் வெள்ளைச் சுண்ணாம்புக் கல் தூள், அதற்குக் கீழே எரிந்த நிலக்கரிக் கசடு, சரளை, கடைசியில் பெரிய கல். தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும், செட்டுக்குச் செட்டு வலையை இழுத்துத் தூளைச் சமப்படுத்த வேண்டும். அந்தத் தளத்தில் பந்து வேகம் குறைந்து உயரமாக எழும்பும், ஆடுகிறவர் சறுக்கிக்கொண்டே போய் அடிக்கலாம்.

பாதியில் அம்மா குறுக்கிட்டார். "செங்கல் பொடியா? இதுக்குப் போயா பாரிசு? நான் கல்யாணமாகி வந்தப்ப பித்தளை விளக்கு, அண்டா, குடம் எல்லாம் எதுல தேச்சேன்னு நினைக்கிறே? புளியும் செங்கல் பொடியுந்தான். இப்ப வாங்கிட்டு வர்ற பவுடர் எல்லாம் ஒரு பவுடரா?" அவர் கண் மெல்லப் பின்பக்கக் குவியலுக்குப் போனதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

மலையில் சமதளம் என்பது பணக்காரர்களிடமும் எஸ்டேட் பங்களாக்களிடமும் மட்டும் இருக்கிற பொருள். எங்களிடம் இருந்தது துணி காயப் போடும் இடம், இருபதடிக்குப் பத்தடி. அதுவும் கீழ்வீட்டைப் பார்த்து லேசாகச் சரிந்திருக்கும். முழு கோர்ட் என்றால் 23.77 மீட்டர் நீளம், 10.97 மீட்டர் அகலம், கோட்டுக்கு உள்ளே மட்டும் ஐந்நூறு லிட்டருக்கு மேல் தூள் வேண்டும். எங்கள் இடத்துக்கு 37 லிட்டர் போதும் என்று பையன் கணக்குப் போட்டுக் காட்டினான். இரண்டு பக்கெட். இரண்டே பக்கெட்தானே என்று நினைத்தேன். செங்கல்லை உரலில் இடித்துப் பார்க்காதவன் நினைக்கிற நினைப்பு அது.

சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தோம். சுத்தியலால் உடைப்பது என் வேலை, அம்மாவின் பழைய கல் உரலில் இடிப்பதும் என் வேலை, மேற்பார்வை பையனுடைய வேலை. தாத்தா காலத்துச் செங்கல், கிழவர்களைப் போலவே இளகிக் கொடுக்க மறுத்தது. அரை மணி நேரம் இடித்தால் ஒரு சொம்பு. ஓடு கொஞ்சம் பரவாயில்லை, பொடுக்கென்று நொறுங்கும். சலிக்கச் சல்லடை வேண்டும். வீட்டில் இருந்தது ரவை சல்லடை. அதை எடுத்த விஷயம் மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமை உப்புமாவில்தான் தெரியவந்தது. எல்லோருக்கும் பல்லில் நறநற.

ஞாயிறு சாயங்காலம் கோர்ட் தயார். கொடிக்கயிறே வலை, கோலமாவே கோடு. உண்மையைச் சொன்னால் பார்க்க அழகாக இருந்தது. மேகம் வந்து தேயிலைச் செடிகளை மூடிக்கொண்டிருக்க, நடுவில் ஒரு செவ்வகம் மட்டும் செக்கச்செவேலென்று.

எதிர்வீட்டுப் பெரியவர் நடுவர். எஸ்டேட்டில் நாற்பது வருஷம் கொழுந்து நிறுவை பார்த்து ரிட்டையர் ஆனவர், அரைக் கிலோ தப்பைக்கூட விடாதவர். பிளாஸ்டிக் ஸ்டூலோடு வந்துவிட்டார், தலையில் மங்கி குல்லா, கழுத்தில் மப்ளர். கிராண்ட்ஸ்லாம் என்கிற நாலு பெரிய டென்னிஸ் போட்டிகளில் மற்ற மூன்றிலும் கோடு பார்க்கிற வேலையை மெஷினிடம் கொடுத்துவிட்டார்கள், அந்த வருஷம் விம்பிள்டன்கூட மாறிவிட்டது. பாரிஸில் மட்டும் இன்னும் மனுஷக் கண்தான். சந்தேகம் வந்தால் அம்பயர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, தூளில் பந்து பதிந்த தடத்தைக் குனிந்து பார்ப்பார். நம் பெரியவருக்கு முட்டி வலி, குனிய முடியாது. எனவே ஒவ்வொரு சந்தேகத்துக்கும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, "சைடு கொழுந்து மாதிரித் தெரியுது, கழிச்சுக்கலாம்" என்று தீர்ப்பு சொன்னார். எல்லாம் எனக்கு எதிராக.

2-3 என்ற நிலையில் பையன் வலைக்கு, அதாவது கொடிக்கயிற்றுக்கு, ஒட்டி ஒரு டிராப் ஷாட் போட்டான். அந்த நொடி எனக்குள் அலங்காரம் இறங்கிவிட்டான். ஓடினேன், காலை நீட்டிச் சறுக்கினேன். சறுக்கத்தான் செய்தது. பாரிஸில் சறுக்கி நிற்பார்கள். எங்கள் கோர்ட்டில் நிற்கிற ஏற்பாடு இல்லை. தூளுக்கடியில் சுண்ணாம்புக் கல்லும் இல்லை, சரளையும் இல்லை, சரிவு மட்டும்தான் இருந்தது. கொடிக்கயிற்றுக்கு அடியில் புகுந்து, பேஸ்லைன் என்கிற கடைசிக் கோட்டைத் தாண்டி, மனைவியின் முள்ளங்கிப் பாத்தியில்தான் போய் நின்றேன். பந்து தனியாகத் தேயிலைக் காட்டுக்குள் உருண்டு இறங்கிப்போனது.

பெரியவர் எழுந்துகூட வரவில்லை. "அவுட்" என்றார். என்னையா பந்தையா என்று இன்றுவரை தெரியாது.

அன்று ராத்திரி தூறல் போட்டது. காலையில் கீழ்வீட்டு அக்கா மேலே வந்து நின்றார். அவர் வெள்ளையடித்த பின்சுவரில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடுகள். "ஏங்க, கோயில் மதிலுக்குக் காவி அடிக்கற மாதிரி அடிச்சு விட்டிருக்கீங்களே, எங்களை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" சுண்ணாம்புக் கல் எதற்கு, சரளை எதற்கு என்பதெல்லாம் அந்த நிமிஷத்தில் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. தண்ணீரைப் பிடித்துவைக்கவும் வடியவிடவும் அடியில் ஒரு ஏற்பாடு இல்லையென்றால் மேலே தூவுவது கோர்ட் இல்லை, குழம்பு. சுவரை நானே துடைத்துக் கொடுத்தேன்.

மிச்சத்தைச் சேர்த்து, இன்னும் நாலு சொம்பு இடித்து, மறுபடி பரப்பினோம். ஒரு வாரம் நன்றாகத்தான் போனது. அடுத்த திங்கள் விடிகாலை பையன் வந்து உலுக்கினான். "அப்பா, கோர்ட்டுல தடம்."

போய்ப் பார்த்தோம். சர்வீஸ் கோட்டுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, பேஸ்லைன் மேலேயே ஒன்று. ஒவ்வொன்றும் பிளந்த குளம்பு, சோற்றுத்தட்டு அகலம். காட்டெருமை. எங்கள் பக்கம் இது அதிசயம் இல்லை, ராத்திரியானால் தேயிலைக் காட்டிலிருந்து ஏறி வருவது பழக்கம்தான். கொடிக்கயிறு அறுந்து கிடந்தது. முள்ளங்கிப் பாத்தியில் என் உடம்பு மிச்சம் வைத்திருந்ததையும் காணோம். முக்கால் டன் ஆள், நேராகக் கோர்ட்டின் குறுக்கே நடந்து, வலையை முடித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

பெரியவர் வரவழைக்கப்பட்டார். அன்றைக்குத்தான் முதல்முறையாக, முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஸ்டூலிலிருந்து இறங்கிக் குனிந்து பார்த்தார். பேஸ்லைன் மேலிருந்த தடத்தை விரலால் சுற்றிக் காட்டி, "இது உள்ளே" என்றார்.

"நடால் பாதம் மாதிரியே இருக்குல்ல?" என்றான் பையன். பின்னால் வந்து நின்ற அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அந்தத் தடத்தில் ஒரு டேலியா பூ இருந்தது.

அதற்குப் பிறகு கோர்ட் தேய ஆரம்பித்தது. மழை இல்லாத நாளிலும் தேய்ந்தது. தினம் காலையில் பேஸ்லைன் பக்கம் ஒரு கை அளவு குறைகிறது. யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய துப்பறிவு தேவைப்படவில்லை, பூஜை அறையில் குத்துவிளக்கு தங்கம் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. பிறகு எதிர்வீட்டு விளக்கும் மின்னியது. ஆடி பிறக்கப் போகிறது, வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜை வருகிறது என்று கீழ்வீட்டு அக்காவே ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, "அந்த பிரெஞ்சுப் பொடி கொஞ்சம் கொடுங்க" என்றார். சுவர் விஷயத்தை நான் எடுக்கவில்லை.

ஜூலை 13 விம்பிள்டன் ஃபைனல். அதே இரண்டு பேர். இந்த முறை யாரும் யாரையும் படுக்கச் சொல்லவில்லை. சின்னவர் நாலு செட்டில் முடித்தார், கரண்டும் இருந்தது. அம்மா எழுந்துபோய் விளக்கேற்றிவிட்டு வந்தார்.

பையன் என் பக்கம் திரும்பினான். "அப்பா, அது புல் கோர்ட். செங்கல் இடிக்கற வேலையே இல்லை. புல்லு மட்டும் வளத்தாப் போதும்."

நான் முட்டியைத் தடவிக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மாதான் பதில் சொன்னார். "வளங்க கண்ணு, நல்லா வளங்க. போன தடவை தனியா வந்தவரு, இந்தத் தடவை குடும்பத்தோட வருவாரு."