ரைசன் 9000ஆ, கோர் அல்ட்ரா 200ஆ?

"ஐ7 போட்டுக் கொடுங்க" என்று கடையில் கேட்டால் போதும் என்றிருந்த காலம் முடிந்துவிட்டது. 2024 ஆகஸ்டில் ஏஎம்டியின் ரைசன் 9000 பிராசஸர் வரிசை வந்தது. அக்டோபரில் இன்டெலின் கோர் அல்ட்ரா 200எஸ் வந்தது. இவற்றில் எது உங்களுக்கு என்பதைக் கோர் (பிராசஸருக்குள் வேலை செய்யும் தனித்தனிப் பிரிவு) எண்ணிக்கை சொல்லாது; அந்த மெஷினில் தினமும் அதிக நேரம் ஓடப்போகும் வேலைதான் சொல்லும்.

கேம்தான் முக்கியம் என்றால் ரைசன் 7 9800எக்ஸ்3டி. 8 கோர்தான். ஆனால் எல்3 கேஷ், அதாவது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம், 96 எம்பி; அதே வரிசையின் சாதாரண 8 கோர் சிப்பான 9700எக்ஸில் இருப்பது 32. கேம் எஞ்சின் ஒரே தரவைத் திரும்பத் திரும்பக் கேட்கும். அது கேஷிலேயே கிடைத்துவிட்டால் ரேம் வரை போய் வரும் காத்திருப்பு மிச்சம். முந்தைய 7800எக்ஸ்3டியில் இந்தக் கூடுதல் கேஷ் கோர்களின் மேல் உட்கார்ந்து வெப்பத்தைத் தடுத்தது. இப்போது அதைக் கோர்களுக்கு அடியில் வைத்துவிட்டார்கள். அதனால் வேகமும் கூடியது. இன்டெலின் கோர் அல்ட்ரா 9 285கே 24 கோர் வைத்திருந்தும் பல கேம்களில் இன்டெலின் முந்தைய தலைமுறை 14900கேயைவிடவே பின்தங்குகிறது. ஒரு விஷயம்: 4கே மானிட்டரில் விளையாடுபவருக்கு இந்த வித்தியாசம் பெரும்பாலும் தெரியாது. அங்கே தடை கிராபிக்ஸ் கார்டு. பணத்தை அதில் போடுங்கள்.

வீடியோ எடிட்டிங்கில் நிலைமை வேறு. இன்றைய கேமராக்கள் தரும் 10 பிட் 4:2:2 ஹெச்இவிசி (அதிக நிற விவரத்தைச் சுருக்கிச் சேமிக்கும் வீடியோ வடிவம்) காட்சிகளை இன்டெலின் உள்கிராபிக்ஸ் ஹார்டுவேரிலேயே பிரித்துவிடும், டைம்லைன் திக்காது. ரைசனின் உள்கிராபிக்ஸும் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை கிராபிக்ஸ் கார்டுகளும் இதைச் செய்யாது; ஆர்டிஎக்ஸ் 50 செய்யும். ஆகவே எடிட்டருக்கு 20 கோர் கொண்ட கோர் அல்ட்ரா 7 265கே நல்ல தேர்வு. விலை குறைவு என்று 265கேஎஃப் வாங்கிவிடாதீர்கள். 'எஃப்' என்றால் உள்கிராபிக்ஸ் இல்லை. எதற்காக இன்டெல் வாங்கினோமோ அதுவே போய்விடும்.

பெட்டியில் உள்ள டிடிபி (சிப் வெளியிடும் வெப்பத்துக்கான வாட் மதிப்பு) எண்ணை நம்பிக் கூலர் வாங்குவதும் தவறு. 65 வாட் என்று போட்ட 9700எக்ஸ் 88 வாட் வரை இழுக்கும். 170 வாட் 9950எக்ஸ் 230 வரை போகும். 125 வாட் என்ற 265கேக்கு உச்சம் 250. 88 வாட்டுக்கு 120 மிமீ ஃபேன் வைத்த சாதாரண டவர் கூலர் தாராளம். மே மாதத்தில் ஏசி இல்லாத அறையிலும் சமாளிக்கும். 250 வாட்டுக்கு அது பத்தாது. 9700எக்ஸ், 9800எக்ஸ்3டி பெட்டிகளில் கூலரே வராது என்பதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரைசன் 9000 உட்காரும் ஏஎம்5 சாக்கெட் போர்டுக்கு ரேம் டிடிஆர்5 6000, சிஎல்30 (தரவு தர ரேம் எடுக்கும் தாமதத்தின் அளவு), இரண்டே ஸ்டிக். பிராசஸரிலிருந்து எண்ணினால் 2வது, 4வது ஸ்லாட்டுகள். பின்னால் இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம் என்று தொடங்காதீர்கள்: நான்கு ஸ்டிக் போட்டால் மெமரி கன்ட்ரோலரின் சுமை ஏறி, அதிகாரபூர்வ வேகம் 3600க்கு இறங்கிவிடும். 64 ஜிபி தேவையென்றால் முதலிலேயே 32 வீதம் இரண்டு. பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்போவை, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பை, ஆன் செய்ய மறந்தால் 6000க்குக் காசு கொடுத்தும் குறைந்த வேகத்தில்தான் ஓடும்.

முதல்முறை ஆன் செய்ததும் திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கும். போர்டு புது ரேமைப் பழக்கிக்கொள்கிறது, பவரை அணைக்காதீர்கள். பத்து நிமிடம் கழித்தும் அப்படியே இருந்தால் பயாஸைச் சந்தேகப்படுங்கள். பி650 போன்ற 600 வரிசை போர்டுகள் 9000க்கு முன்பே வந்தவை. கடையில் கிடந்த பழைய சரக்கென்றால் புது சிப்பை அடையாளம் தெரியாது. பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டாகப் பார்த்து வாங்கினால், ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் பயாஸ் கோப்பைப் போட்டு, கையேடு சொல்லும் பெயரைச் சூட்டி, பிராசஸர் இல்லாமலேயே புதுப்பிக்கலாம்.

விலை இறங்கியிருக்கிறதே என்று இன்டெல் 13, 14ஆம் தலைமுறை 'கே' சிப்பைப் பழசாக வாங்குவோர் கவனிக்க: இவற்றில் அதிக வோல்டேஜால் சிப் சேதமாகும் பிரச்சினை இருந்தது. அதைத் தடுக்கும் மைக்ரோகோடு (பயாஸ் வழியாக வரும் சிப்புக்கான திருத்தம்) 0எக்ஸ்12பி அல்லது அதற்குப் பிந்தையது போர்டில் இருக்க வேண்டும். ஆனால் அதிக வோல்டேஜில் ஓடி ஏற்கெனவே சேதமான சிப்பை எந்த அப்டேட்டும் சரிசெய்யாது. பெட்டியில் விற்ற சிப்புகளுக்கு இன்டெல் வாரண்டியை 2 ஆண்டு நீட்டியிருக்கிறது. பில் இல்லாத சிப்பை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.