ஓரக் காம்பிரா

தைப்பொங்கலுக்கு மறுநாள் மாலை, இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, கனடாவில் நான் வாங்கப் பார்க்கும் வீட்டின் படங்களை அம்மாவுக்குக் கைப்பேசியில் காட்டினேன். ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏஜக்ஸ் நகரத்தில் ஒரே வரிசையில் எட்டு வீடுகள். நீளமாக ஒரு கூரை, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர், முன்னால் ஒரே மாதிரி எட்டுக் கதவுகள். அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“இது லயம்தானே தம்பி?” என்றார். தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் இருக்கும் வரிசை வீடுகளுக்குத்தான் லயம் என்று பெயர். அதில் ஒரு குடும்பத்தின் அறை, காம்பிரா.

டவுன்ஹவுஸ் என்று சொல்வார்கள், மேலே மாடி இருக்கிறது, மூன்று அறை இருக்கிறது என்றேன். “அப்படியானால் மாடி லயம்” என்றார் அம்மா. உடனே சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பிராவிலிருந்து சின்னம்மாவின் குரல்: “மாடி லயம் என்ன விலையாம்?”

சிரித்தோம். ஆனால் 760,000 டாலர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நம் காசுக்குப் பதினேழு கோடி. சொல்லியிருந்தால் லயம் முழுவதும் கேட்டிருக்கும்.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எனக்கு ஆறு வருடம் முடிந்துவிட்டது. குளிர் பழகிவிட்டது, ஊர் பழகிவிட்டது, எந்தக் கடையில் எந்தக் கிழமை மீன் புதிதாக வரும் என்பதுகூடப் பழகிவிட்டது. நானும் மனைவியும் மகளும் ஒரு பேஸ்மென்டில் இருக்கிறோம். ஜன்னல் நிலமட்டத்தில் இருப்பதால் காலையில் வீட்டுக்காரரின் சப்பாத்துகளைத்தான் முதலில் பார்ப்போம். மேலே அவர்கள் நடக்கும் சத்தத்தை வைத்தே யார் எழுந்துவிட்டார் என்று சொல்லிவிடுவேன். சிறுவயதில் பக்கத்துக் காம்பிராவில் ஆறு மணிக்குக் கேட்கும் இருமலை வைத்து அப்பாவின் அம்மா, எங்கள் அப்பாயி, நேரம் சொல்வார். வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்குப் போக அந்த இருமல்தான் அவருக்கு மணிக்கூடு. பேஸ்மென்டில் பாதித் தூக்கத்தில் அந்த இருமலுக்காகக் காத்துக் கிடந்த நாட்கள் எனக்கு உண்டு.

வீடு வாங்கும் பேச்சு மூன்று வருடமாக எங்கள் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. 2022 பெப்ரவரியில் ரொறன்ரோ பெரும்பாகத்தில் வீட்டின் சராசரி விலை 13 லட்சம் டாலரைத் தாண்டி உச்சத்தில் நின்றது. அப்போது நாங்கள் எட்டிப் பார்க்கவும் இல்லை. பிறகு நாட்டின் மத்திய வங்கியான கனடா வங்கி 0.25 வீதத்தில் வைத்திருந்த வட்டியை ஏற்றத் தொடங்கி, 2023 ஜூலையில் 5 வீதத்துக்குக் கொண்டுபோனது. விலை சரிந்தது. 2024 ஜூன் முதல் வட்டியைப் படிப்படியாகக் குறைத்து, 2025 அக்டோபரில் 2.25 வீதத்தில் விட்டார்கள். வட்டி இறங்கினால் விலை துள்ளி எழும் என்றார்கள், எழவில்லை. வாங்க நினைக்கும் எல்லோரும் இன்னும் இறங்கட்டும் என்று கைகட்டி நிற்கும்போது விலை எப்படி எழும்? நான் பார்த்த அந்த வரிசையிலேயே அதே அளவு வீடு ஒன்று உச்சத்தில் பத்து லட்சத்துக்கு விற்றது.

“பொறு, இன்னும் விழும்” என்கிறார்கள் நண்பர்கள். அதில் நியாயம் இருக்கிறது. 760,000 டாலர் வீட்டுக்கு ஆகக் குறைந்த முற்பணம் 51,000 டாலர்: முதல் ஐந்து லட்சத்துக்கு 5 வீதம், மிச்சத்துக்கு 10 வீதம். எங்கள் சேமிப்பு அவ்வளவுதான். அப்படி வாங்கினால், அடுத்த வருடம் விலை இன்னொரு பத்து வீதம் விழுந்தால் வீட்டின் பெறுமதியைவிடக் கடன் கூடுதலாக நிற்கும். கட்டுவதற்கு முன்பே அடுக்குமாடிக் கொண்டோவுக்குக் கையெழுத்து வைத்த நண்பர் ஒருவருக்கு இதைவிட மோசம். கட்டி முடிந்த நாளில் வங்கி மதிப்பிட்ட தொகை, அவர் ஒப்புக்கொண்ட விலைக்கு வெகு கீழே. இடைவெளியைக் கைக்காசு போட்டு நிரப்ப வழியில்லாமல் தவித்தார். அதைப் பார்த்த பயம் என் மனைவியை விட்டு இன்னும் போகவில்லை. முப்பது வருடத் தவணை, மாதம் 3,500 டாலர். அதிலும் வங்கி, இன்றைய வட்டிக்கு மேல் இன்னும் 2 வீதம் கூடினாலும் நம்மால் கட்ட முடியுமா என்று சோதித்துத்தான் கடன் தரும்.

இவ்வளவு கணக்கும் தெரிந்துதான் டிசம்பரில் கடன் முகவரிடம் போனோம். ஒன்ராறியோவில் முதல் வீடு வாங்குபவருக்கு நில மாற்று வரியில் 4,000 டாலர் வரை திருப்பிக் கொடுப்பார்கள். அதற்குத் தகுதி உண்டா என்று பார்க்க அவர் கேட்டார்: “உலகத்தில் எங்காவது, எப்போதாவது, உங்கள் பெயரில் வீடு இருந்திருக்கிறதா?”

இல்லை என்றேன். அவர் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். என்னால் போக முடியவில்லை.

என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அண்ணனுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. அவர் மனைவி பெயரில் ஊரில் சீதன வீடு இருக்கிறது. ‘நாலாயிரம் போய்விட்டது’ என்று அவர் குறைப்பட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது. எனக்குக் கிடைக்கும், முழுமையாகக் கிடைக்கும். என் பெயரில் இல்லை, அப்பா பெயரில் இல்லை, தாத்தா பெயரில் இல்லை. 1823இல் இந்தியாவிலிருந்து கோப்பிக் காட்டுக்கு முதல் ஆட்கள் வந்ததிலிருந்து எண்ணினால் இருநூறு வருடம் தாண்டிவிட்டது. தோட்டம் வெள்ளைக்காரக் கம்பெனியிடம் இருந்தது, 1975இல் அரசாங்கத்திடம் போனது, 1992இல் மறுபடியும் கம்பெனிகள் கைக்கு வந்தது. காடு வெட்டித் தேயிலை நட்டவர்கள் மட்டும் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில், காணி உறுதி என்று ஒரு தாள்கூட இல்லாமல். 1948இல் குடியுரிமையைப் பறித்து, நாடே எங்களுக்கு இல்லை என்றார்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு அப்பாயியின் தம்பியை இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். அவர் காம்பிராவுக்கு அடுத்த வாரமே வேறு பெயர் போட்டார்களாம்.

இதில் நான் கண்ணால் பார்த்தது ஒன்று உண்டு. 1998இல் அப்பா சீட்டுப் பிடித்து, காம்பிராவுக்குப் பின்னால் ஒரு சிறிய அறை இறக்கினார். அக்காவும் நானும் படிப்பதற்கு. நூற்றி எண்பது சிமெந்துக் கல், மேலே தகரம். ஜன்னல் வைக்க இடம் விட்டு, சீமெந்துப் பையைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். இரண்டு மாதம் அதில் படித்தோம். பிறகு தோட்ட நிர்வாகத்திடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. பள்ளிக்கூட மாஸ்டர்தான் வாசித்துச் சொன்னார்: அனுமதியில்லாமல் கட்டியதைப் பதினான்கு நாளில் அகற்ற வேண்டும். அப்பா யாரையும் கூப்பிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே அலவாங்கை எடுத்தார். ஒரு கல்லும் உடையாமல் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து என்னிடம் தருவார். ஒட்டியிருந்த சாந்தை நான் கத்தியால் சுரண்டுவேன். அக்கா அடுக்குவாள். மாலைக்குள் பின்பக்கம் பழையபடி மண்ணாகிவிட்டது. அந்தக் கற்கள் இன்றும் இருக்கின்றன. தண்ணீர்ப் பீலிக்கு இறங்கும் படிகள் அவைதான். அம்மாவின் அடுப்பும் அவற்றில் நான்குதான். இந்த முறை அந்தப் படிகளில் இறங்கும்போது ஒரு கல்லின் ஓரத்தில் என் கத்திக் கீறலைப் பார்த்தேன்.

நான் வந்ததற்குக் காரணம் பொங்கல் அல்ல. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டைப் பிய்த்துப் போட்டபோது எங்கள் லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது. ஒன்பது நாள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படுத்திருந்தார்கள். பிறகு வேறு இடமில்லாமல் அதே காம்பிராவுக்குத் திரும்பிவிட்டார்கள். குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ், அதாவது ஏறக்குறைய 1,900 சதுர அடி காணி, தனி வீடு என்ற பேச்சு பல வருடமாக இருக்கிறது. சில தோட்டங்களில் வீடுகள் வந்தும் இருக்கின்றன. எங்கள் பிரிவில் அளந்து முளை அடித்ததோடு நிற்கிறது. 51,000 டாலர் என்றால் ஒரு கோடி ரூபாய்க்கு மேல். அதைக் கொண்டு ஹட்டன் பக்கம் காணி வாங்கி உங்களுக்கு வீடு கட்டித் தருகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா நெடுநேரம் பேசாமல் இருந்தார். “எங்களுக்குத் தரவேண்டியவர்கள் தரவேண்டும். நீ காசு கொடுத்து வாங்கித் தந்துவிட்டால் அந்தக் கணக்குத் தீர்ந்துபோகும். பிள்ளைக்கு வாங்கு” என்றார்.

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மலையில் இருக்கும் வெடிப்பை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. அக்காவிடம் சொல்லி, மழைக்காலத்துக்கு ஹட்டனில் ஒரு வாடகை வீடாவது பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கு மட்டும் அப்பா மறுப்புச் சொல்லவில்லை.

அன்று இரவே மனைவியோடு பேசினேன். அதே வரிசையில் ஓரத்து வீடும் விலைக்கு இருக்கிறது, 789,000 கேட்கிறார்கள், எழுபது நாளாகப் போகவில்லை என்று வீட்டு முகவர் சொல்லியிருந்தார். விலை விழும் காலத்தில்தான் இப்படித் தேர்ந்து பார்க்க முடிகிறது. 2022 தொடக்கத்தில் நிபந்தனை எதுவும் போடாமல் கேட்ட விலைக்கு மேலே கொடுத்தவர்களுக்கே வீடு கிடைத்தது. இப்போது கடன் சரிவந்தால்தான், வீட்டைப் பரிசோதித்த பிறகுதான் என்று இரண்டு நிபந்தனையும் போடலாம். அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டியிருக்கவில்லை. “எடுப்பதென்றால் ஓரக் காம்பிராவாகப் பார்த்து எடு. ஒரு பக்கமாவது வெளிச்சம் வரும்” என்றார். ஓரக் காம்பிராவுக்கு எங்கள் லயத்திலும் போட்டிதான்.

காம்பிராவில் சிக்னல் இல்லை. ஒன்பதரை மணிக்குப் பிரட்டுக்களத்துக்கு ஏறினேன். ரொறன்ரோவில் அப்போது முற்பகல் பதினொரு மணி. அப்பாயி கூடையோடு நின்று பேர் கொடுத்த அதே களத்தில், பனியில் விரல் விறைக்க, ஓரத்து வீட்டுக்கு 755,000 டாலர், இரண்டு நிபந்தனை என்று கைப்பேசியிலேயே கையெழுத்து வைத்து அனுப்பினேன். மறுநாள் இரவு வரை பதிலுக்கு நேரம் கொடுத்திருந்தோம்.

கீழே வந்தபோது அப்பா டார்ச்சோடு வாசலில் நின்றார்.

“நிலம் எவ்வளவு?”

“இருபத்துநான்கு அடி அகலம், தொண்ணூறு அடி நீளம்.”

மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார். “எட்டு பேர்ச்சஸ், கொஞ்சம் குறைவு” என்றார். பிறகு, “பின்னால் ஒரு அறை இறக்கலாமா? யாரிடம் கேட்க வேண்டும்?”

“நகரசபையிடம் அனுமதி எடுக்க வேண்டும் அப்பா. வீட்டுக்காரர் கேட்டால் கொடுப்பார்கள்.”

“வீட்டுக்காரர் என்றால்?”

“நான்தான்.”

அப்பா டார்ச்சை என்னிடம் தந்துவிட்டு, எங்கள் வாசற்படியிலிருந்து குதிகாலும் பெருவிரலும் தொட அடிமேல் அடி வைத்து லயத்தின் முன்னால் நடக்கத் தொடங்கினார். எங்கள் காம்பிரா முடிந்தது, சின்னம்மாவின் காம்பிரா முடிந்தது, மூன்றாவது வாசலுக்குள் அவர் கால் போனபோது கதவு திறந்தது.

“என்ன அண்ணே, இந்த நேரத்தில் எதை அளக்கிறீர்கள்?”

“கொஞ்சம் இரு, எண்ணிக்கை தவறிவிடும்” என்றார் அப்பா.