அத்தையின் பாபா

2020 மார்ச் 18ஆம் தேதி இரவு மொரீஷியஸில் முதல் மூன்று பேருக்குக் கொரோனா என்று டிவியில் சொன்னார்கள். 20ஆம் தேதி காலையிலிருந்து ஊரடங்கு. சரி, இரண்டு வாரம்தானே என்று இருந்தோம். 24ஆம் தேதி சூப்பர்மார்க்கெட், பேக்கரி எல்லாவற்றையும் மொத்தமாக மூடிவிட்டார்கள். காலையில் ரொட்டி வாங்கி வராமல் எந்த வீட்டிலும் பொழுது விடியாத ஊர் இது. எங்கள் வீட்டில் இருந்தது ஒரு மூட்டை மைதா, கொஞ்சம் பருப்பு, அப்புறம் பின்கட்டில் அத்தை, அதாவது என் மாமியார், வளர்த்த செடிகொடிகள்.

நான் கும்பகோணத்துப் பெண். கல்யாணமாகி காத்ர் போர்னுக்கு வந்து அப்போது நான்கு வருஷம் ஆகியிருந்தது. காலை ஏழு மணிக்கு எபெனில் இருக்கும் ஆபீசுக்குக் கிளம்பினால் திரும்பி வர இருட்டிவிடும். அத்தைக்கு எழுபத்தொன்று வயது. அவர் பேசுவது இந்த ஊர் மொழியான கிரியோல். தேவாரமும் காவடிப் பாட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் பாடுவார், ஆனால் நான் தமிழில் ஏதாவது கேட்டால் "மோ பா கோன் தமூல், மா ஃபி" என்று சிரித்துவிடுவார். எனக்குத் தமிழ் தெரியாதம்மா என்று அர்த்தம். நான்கு வருஷமும் எங்களுக்குள் சாப்பிட்டாச்சா, தூங்கினாயா என்பதற்கு மேல் பேச்சு போனதில்லை. அதில் எனக்கு ஒரு குறை இருந்துகொண்டேதான் இருந்தது, யாரிடமும் சொன்னதில்லை.

ஊரடங்கில் இருவரும் ஒரே சமையலறையில் மாட்டிக்கொண்டோம். ஈஸ்ட் இல்லாததால் ரொட்டி சுட முடியாது, தினமும் ஃபராத்தாதான், அதாவது நம் பரோட்டாவுக்குத் தங்கச்சி. ஒருநாள் ரசம் வைக்க நின்றவர் "அமேன் பாபா லா" என்றார். பாபா என்றால் கிரியோலில் குழந்தை. பாப்பாவைத்தான் தூக்கி வரச் சொல்கிறார் என்று நினைத்துத் தூங்கிக்கொண்டிருந்த மகளை எடுத்துவந்து நின்றேன். அத்தை அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பிறகு கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு அழைத்துப்போய்க் காட்டினார். அம்மிக்கல். அதை இங்கே ரோஸ் காரி என்கிறார்கள், கறிக்கல். மேலே உருளும் கல்தான் பாபா.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றேன். நாமும் அதைக் குழவி என்றுதானே சொல்கிறோம், குழவி என்றாலும் குழந்தைதானே! எந்தக் காலத்தில் எந்த ஆச்சி இதை அப்படியே கிரியோலுக்கு மாற்றிச் சொன்னாரோ தெரியாது, இல்லை இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தோன்றியதோ. அத்தையிடம் சொன்னேன். "குழவி" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். ழகரம் சுத்தமாக வந்தது, பாட்டில் பழகிய நாக்கு. அப்புறம் பூண்டையும் மிளகையும் கல்லில் வைத்து, குழவியை இழுத்து இழுத்து, ஓரத்தில் ஒதுங்கியதைச் சுண்டுவிரலால் வழித்து நடுவே தள்ளித் தள்ளி அரைத்தார். என் அம்மாச்சி அரைப்பதும் அதே விரலால்தான்.

அன்றிலிருந்து இதே வேலையாகிவிட்டது எங்களுக்கு. கறிவேப்பிலை இங்கே காரிபுலே. கொத்தமல்லி கொத்தோமிலி. முருங்கைக்கீரை ப்ரேத் முரூம். பீர்க்கங்காய் பிபாங்கை. ரசம் ரசோ. இந்தச் சொற்களைத் தமிழர் மட்டும் சொல்வதில்லை, பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவும் எதிர்வீட்டு ஆப்பிரிக்க வம்சாவளிக் கிரியோல் குடும்பமும் கடையில் கொத்தோமிலி என்றுதான் கேட்கிறார்கள். தமிழே தெரியாது என்று சொன்னவர் தினமும் மூன்று வேளையும் தமிழைத்தான் தாளித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஏப்ரல் 2ஆம் தேதி கடைகள் திறந்தன. குடும்பப் பெயரின் முதல் எழுத்தை வைத்து நாள் பிரித்தார்கள். எங்களுக்குப் பி (P), அதனால் புதனும் சனியும். முகக்கவசம் கட்டாயம், உள்ளே அரைமணி நேரம்தான். 11ஆம் தேதி சனிக்கிழமை வருஷப் பிறப்புக்குச் சாமான் வாங்கி வந்து ஒவ்வொரு பொருளாகச் சோப்புத் தண்ணீரில் துடைத்தோம், மீதிச் சில்லறையாக வந்த நூறு ரூபாய் நோட்டைக்கூட விடவில்லை. அதில் இருப்பவர் இந்த ஊர் அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசன், நம்மவர். ஜன்னலோரம் காயவைத்த நோட்டை அத்தை எடுத்து, அதிலிருந்த தமிழ் எழுத்தின் மேல் விரல் வைத்து, படி என்றார். படித்தேன். இத்தனை வருஷம் கையில் வைத்திருந்தேன், முகத்தை மட்டும்தான் பார்த்தேன் என்றார்.

14ஆம் தேதி வருஷப் பிறப்பு. இரண்டு மாதம் முன்பு தைப்பூசத்துக்குக் கோர் தெ கார்த் மலைக்கோயிலில் காவடிக் கூட்டத்தில் நசுங்கி நின்றிருந்தோம். இப்போது மொட்டை மாடியிலிருந்து அந்த மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினோம். வாழையிலையில் ஏழு கறி வைத்தே ஆக வேண்டும் என்று அத்தை பிடிவாதமாக இருந்தார். பூசணி, சௌசௌ, வாழைக்காய், பயத்தங்காய், உருளைக்கிழங்கு, முருங்கைக்கீரை என்று ஆறு தேறியது. ஏழாவதுக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது கும்பகோணத்திலிருந்து அம்மா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள்.

எப்போதும் சம்பந்திகள் இருவரும் திரையில் கும்பிட்டுக்கொண்டு சிரிப்பார்கள், நடுவில் நான் மொழிபெயர்ப்பேன், இரண்டே நிமிஷத்தில் முடிந்துவிடும். அன்று அத்தை போனை என் கையிலிருந்து வாங்கிக் கீரைக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "முரூம்." அம்மா, "முருங்கை!" "காரிபுலே." "ஆமா, கறிவேப்பிலை, எங்க கொல்லையிலயும் நிக்குது." கேமராவை அம்மிப் பக்கம் திருப்பி, "குழவி" என்றார் அத்தை. அம்மா ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, எங்கள் வீட்டு அம்மி துணி துவைக்கும் கல்லாகக் கிணற்றடியில் கிடப்பதைப் போய்க் காட்டினாள், கொஞ்சம் வெட்கத்தோடு.

ஏழாவது கறி பீர்க்கங்காய் என்று முடிவாயிற்று. யார் சொன்னது என்று எனக்குத் தெரியாது, நான் பருப்பு பொங்கி வழியாமல் பார்க்க அடுப்புப் பக்கம் போய்விட்டேன்.