ஆறு இலக்கம் பொருந்தாமல் சென்னையில் நின்ற சரக்கு

முதலில் நல்ல செய்தி. சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் எங்கள் சின்னப் பட்டறையில் செய்த, பம்பில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் 600 மெக்கானிக்கல் சீல்களும் நேற்று அம்பத்தூர் போய்ச் சேர்ந்துவிட்டன. வரிச் சலுகையும் கிடைத்தது. ஆனால் அதற்கு முன்னால் 19 நாள் சென்னையில் கிடங்கில் கிடந்தன. வாடகை என் தலையில். இதே வழியில் இந்தியாவுக்குச் சரக்கு அனுப்பப் போகிறவர்களாவது அந்த 19 நாளை மிச்சப்படுத்திக்கொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே லிட்டில் இந்தியாவில், தேக்காவில் கடை வைத்திருக்கும் நண்பர்களிடம் சொன்னால் பாதிப் பேருக்கு விஷயமே புரியவில்லை. அவர்கள் சென்னையிலிருந்து இங்கே கொண்டுவருகிறவர்கள். சிங்கப்பூரில் மது, புகையிலை, பெட்ரோலியப் பொருள், வாகனம் இவை தவிர மற்றவற்றுக்கு இறக்குமதித் தீர்வை கிடையாது. 9 விழுக்காடு ஜிஎஸ்டி கட்டினால் சரி. அதனால் சரக்கு எந்த நாட்டில் செய்தது என்று நிரூபித்து வரி குறைக்கும் வேலை அவர்களுக்கு இல்லை. இங்கிருந்து அங்கே அனுப்புகிறவனுக்குத்தான் அந்தத் தாள் வேண்டும். மூலச் சான்றிதழ்; நாங்கள் சிஓ என்போம். 2005 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கும் சீக்கா (CECA) என்ற இந்தியா–சிங்கப்பூர் பொருளாதார உடன்பாட்டின் சலுகை வரி அந்தத் தாளை நம்பித்தான் இருக்கிறது.

பதிவு, டிரேட்நெட் என்ற இணையத்தளம் வழி விண்ணப்பம், சிங்கப்பூர்ச் சுங்கத் துறையின் ஒப்புதல் எல்லாம் தடையில்லாமல் நடந்தன. கோளாறு அதற்கு முன்பே உட்கார்ந்திருந்தது.

மெக்கானிக்கல் சீல் உள்ளங்கையில் அடங்குகிற பொருள். ஒரு கார்பன் வளையம், ஒரு செராமிக் வளையம், இரண்டையும் அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்பிரிங், எல்லாவற்றையும் சுற்றிக் கறுப்பு ரப்பர் உறை. பம்பின் தண்டில் மாட்டினால் தண்ணீர் கசியாது. பார்க்கிறவர் கண்ணுக்கு முதலில் தெரிவது ரப்பர். பட்டறையில் நாங்களும் ரப்பர் சீல் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இன்வாய்ஸிலும் அப்படியே எழுதிவிட்டோம். சரக்கு அனுப்பும் ஏஜென்ட் அலுவலகத்தில் இருந்தவர் அதைப் பார்த்து எச்எஸ் குறியீட்டை, அதாவது சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்ணை, 4016.93 என்று போட்டார். அது ரப்பர் கேஸ்கெட், வாஷர், சீல் வகைக்கு உரியது. மெக்கானிக்கல் சீலுக்கு 8484.20. நான் கையெழுத்துப் போட்டபோது தொகையையும் எண்ணிக்கையையும் பார்த்தேன், குறியீட்டைப் பார்க்கவில்லை.

கப்பல் போய்ச் சேர்ந்து மூன்றாம் நாள் இரவு ஒன்பதரைக்கு அம்பத்தூரில் சரக்கை வாங்குகிறவரிடமிருந்து போன் வந்தது. அங்கே ஏழு மணி. "அண்ணே, உங்க தாள்ல வேற நம்பர் இருக்கு. எங்க ஏஜென்ட் 8484னு போட்டிருக்கார். ரெண்டும் ஒத்துவரலைன்னு சலுகை இல்லைன்னுட்டாங்க." முழு வரி கட்டி எடுத்துவிடலாம்தான். ஆனால் நாங்கள் பேசிய விலையே சலுகை வரியை வைத்துப் பேசியது.

மறுநாள் வேலையை விட்டுவிட்டு ஏஜென்ட் அலுவலகத்துக்குப் போனேன். என் கோப்பைப் பார்த்தவர் விடுப்பில் இருந்தார். மற்றவர், "சிஓ வாங்கிக் கொடுத்தாச்சு சார், அங்க உள்ளதை வாங்குறவர்தான் பார்க்கணும்" என்றார். எனக்கு இன்னும் ஆறவில்லை. குறியீடு போட்டது அவர்கள் மேசையில். அலைச்சல் மட்டும் எனக்கும் அம்பத்தூருக்குமா?

சான்றிதழில் எண்ணை மட்டும் மாற்றினால் போதும் என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை. எந்தக் குறியீடோ அதற்குரிய விதிப்படிதான் பொருள் சிங்கப்பூர்த் தயாரிப்பா என்று கணக்குப் பார்ப்பார்கள். ஆகவே தயாரிப்புச் செலவு அறிக்கையையே புதிதாகக் கொடுக்க வேண்டியிருந்தது. கார்பன் எங்கிருந்து வருகிறது, ஸ்பிரிங் என்ன விலை, கூலி எவ்வளவு என்று வரிக்கு வரி. சிஓ கேட்பதற்குக் குறைந்தது 7 வேலை நாளுக்கு முன் அதைக் கொடுத்தாக வேண்டும். ஒரு தடவை கொடுத்தால் ஓராண்டு செல்லும். அதனால் அடுத்தடுத்த சரக்குக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. கப்பல் கிளம்பிய பிறகு சான்றிதழ் கேட்பதற்குத் தனியாகக் காரணமும் எழுதினேன்.

அப்புறம் இன்னொன்று. 2020 செப்டம்பர் 21 முதல் இந்தியாவில் காரோட்டார் (CAROTAR) விதிகள் உண்டு; சலுகை வரி கேட்கும் சரக்கு எந்த நாட்டுத் தயாரிப்பு என்று சரிபார்க்கும் சுங்க விதிகள். சிஓ மட்டும் போதாது. பொருள் எப்படி இந்த நாட்டுத் தயாரிப்பாகிறது என்ற விவரம் வாங்குகிறவர் கையிலும் இருக்க வேண்டும். அவர் என்னிடம் கேட்டபோது என் செலவுக் கணக்கெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடுமே என்று தயங்கினேன். கடைசியில் செய்முறையையும் உள்ளூர் மதிப்பின் விழுக்காட்டையும் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு பாகத்தின் விலையைக் கொடுக்கவில்லை. அது போதுமானதாக இருந்தது. இதைச் சரக்கு கிளம்பும் முன்பே கொடுத்துவிடுங்கள்.

எச்எஸ் குறியீட்டில் முதல் ஆறு இலக்கம்தான் உலகத்துக்குப் பொது. அதற்குப் பின்னால் வருவது நாட்டுக்கு நாடு மாறும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சந்தேகம் இருந்தால் இங்குள்ள சுங்கத் துறையிடம் பொருளுக்கு 75 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டி வகைப்பாடு கேட்கலாம். ஆனால் அந்த முடிவு இந்திய அதிகாரிகளைக் கட்டுப்படுத்தாது, அதனால் வாங்குகிறவரின் ஏஜென்டிடமும் கேட்டே ஆக வேண்டும். ஆசியான்–இந்தியா உடன்பாட்டின் வரியையும் கூடவே ஒப்பிட்டுப் பாருங்கள். சில பொருளுக்கு சீக்காவைவிட அது சாதகமாக இருக்கலாம். ஆனால் அதன் விதி வேறு, தாளும் வேறு.

புதிய சிஓ போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் சரக்கு வெளியே வந்தது. குட்டி லாரியில் எங்கள் பெட்டிகள் அடுக்கியிருந்த படத்தை அவர் அனுப்பியபோது, பட்டறையில் ஆறு பேரும் மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள்.

அடுத்து 400 சீலுக்கு ஆர்டர் வந்திருக்கிறது. இன்வாய்ஸில் பொருளின் முழுப் பெயரையும் 8484.20 என்ற எண்ணையும் நானே தட்டச்சு செய்து முதலில் அம்பத்தூருக்கு அனுப்பினேன். "எங்க ஏஜென்டும் இதே நம்பர்தான் சொல்றார்ண்ணே" என்று பதில் வந்த பிறகுதான் பெட்டிக்கு ஆணி அடித்தோம்.