ஒரே கல்லில் குடைந்த கூஜா

வெனிஸ் சான் மார்கோ தேவாலயக் கருவூலத்தில் இருக்கும் ஃபாத்திமியர் காலத்து ஸ்படிகக் கூஜாவின் படங்களை இன்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கெய்ரோவிலிருந்து ஆண்ட அரச மரபு அது.

முழுக்க ஒரே கல். கைப்பிடிகூட ஒட்டவைத்ததில்லை, அதே கல்லில் விட்டுவைத்துச் செதுக்கியது! குறுகலான கழுத்து வழியாகக் கருவியை இறக்கி, கடினமான தூளால் தேய்த்துத் தேய்த்து உள்ளே குடைந்திருக்கிறார்கள். சுவரின் தடிமன் மில்லிமீட்டர் கணக்கில்தான். கடைசி நாளில் கை கொஞ்சம் தவறியிருந்தாலும் அத்தனை உழைப்பும் போயிருக்கும். வெளிப்புறத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு சிங்கங்கள். மேலே கலீஃபா அல் அஸீஸுக்கு (975–996) ஆசி கோரும் அரபி வரி. குடைந்தவர் பெயர் எங்கும் இல்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை.

1060களில் கெய்ரோவில் சம்பளம் வராத படைவீரர்கள் ஃபாத்திமியர் அரண்மனைக் கருவூலத்தையே சூறையாடினார்கள். அங்கிருந்த பொருள்கள் ஊர் ஊராகச் சிதறின. இந்த வகைக் கூஜாக்களில் உலகில் எஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். ஃபுளோரன்ஸில் இருந்த ஒன்று 1998-ல் கீழே விழுந்து நொறுங்கியது. இன்னொன்றை 2008-ல் இங்கிலாந்தில் ஒரு ஏலத்தில் பிரெஞ்சு ஒயின் ஜாடி என நினைத்து 100–200 பவுண்டு மதிப்புப் போட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அது 30 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது.