செதுக்கு உளிக்குக் கைப்பிடி: துளை முதலில், கடைசல் பிறகு

இந்தத் தடவை உளி கோணாமல் உட்கார்ந்துவிட்டது. வேலை வரிசையைத் தலைகீழாக்கியதுதான் காரணம்.

உள்ளங்கையில் அடங்கும் மரக் குமிழை அழகாகக் கடைந்து முடித்துவிட்டு, உளி செருகும் துளையைக் கடைசியில் போட்டால், பிட் (துளை போடும் அலகு) மரத்தின் ரேகையைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாக ஓடும். 30 மி.மீ. ஆழத்தில் அரை மி.மீ. ஓடினாலே, 60 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உளியின் நுனி 1 மி.மீ. தள்ளிப் போகும். வளைவு வெட்டும்போது கை அதை உடனே காட்டிக்கொடுக்கும். ஆகவே 35 மி.மீ. சதுர மரக்கட்டையிலேயே முதலில் துளை. 5 மி.மீ.க்கு ஒருமுறை பிட்டை வெளியே இழுத்துத் தூளைத் தட்டிவிட வேண்டும். தூள் அடைத்தால் பிட் சூடேறி இன்னும் வேகமாக வழி தவறும். பிறகு துளையில் ஒரு நேரான எஃகுக் கம்பியைச் செருகி, கட்டையைக் கடைசல் இயந்திரத்தின் ஃபோர் ஜா சக்கில் (தாடைகள் நான்கையும் தனித்தனியே நகர்த்தக்கூடிய பிடி) பிடித்துக் கையால் சுழற்றிப் பாருங்கள். கம்பியின் முனை ஆடாத வரை தாடைகளைத் தளர்த்தி இறுக்கிச் சரிசெய்ய வேண்டும். பொறுமை சோதிக்கும் கட்டம் இதுதான். ஆட்டம் நின்றதும் கம்பியை உருவிவிட்டு, துளை வாயில் லைவ் சென்டரை (மரத்தோடு சேர்ந்து சுழலும் கூர்முனை) முட்டுக் கொடுத்துக் கடையலாம். துளை எந்தத் திசையில் ஓடியிருந்தாலும் கவலையில்லை, கைப்பிடி அதன் பின்னால் வந்துவிடும்.

துளை அளவில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 2.38 மி.மீ. சதுர உளிக்கு மூலைவிட்டம் 3.37 மி.மீ. ஈட்டி மரத்தில் 3 மி.மீ. துளை போதும், நான்கு மூலையும் நன்றாகக் கடிக்கும். கருங்காலியில் அதே அளவு போட்டால் பிளக்கும், 3.2 வையுங்கள். எந்த மரமானாலும் பூண் (கைப்பிடியின் கழுத்து பிளக்காமல் இறுக்கும் உலோக வளையம்) ஏறிய பிறகே உளியை அடிக்க வேண்டும். சதுரத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே மிஞ்சும் இடைவெளியில் காற்று வெளியேறிவிடும், உளியை ஒட்டத் துளையில் விடும் எபாக்சிப் பசை பீச்சியடிக்காது.

பூணுக்கு 10 மி.மீ. பித்தளைக் குழாய். விற்பவர்கள் வெளி விட்டத்தை மட்டும் சொல்வார்கள். சுவர் கனம் கேட்டால்தான் வரும், வந்தாலும் அது தோராயம். குழாயைக் கையில் வைத்து அளந்த பிறகு கழுத்தைக் கடைவதே புத்திசாலித்தனம். மெழுகு பூசி விற்கும் மரக்கட்டைகளும் அப்படித்தான். பெரும்பாலும் ஈரம் இருக்கும். மெழுகைச் சுரண்டிவிட்டு வாராவாரம் தராசில் வையுங்கள், எடை குறைவது நிற்கும் வரை கடைய வேண்டாம். அவசரப்பட்டால் மரம் சுருங்கிப் பூண் கழன்று விழும்.

குமிழின் அடியைச் சீவித் தட்டை (சமதளம்) வெட்டுவதை எபாக்சி இறுகிய பிறகுதான் செய்ய வேண்டும். முன்பே வெட்டிவிட்டு உளியைத் தட்டைக்குப் பொருத்தப் பார்த்தால், அடிக்கிற அடியில் உளி கொஞ்சம் திரும்பிவிடும். கோடு ஒரு பக்கம் ஆழமாக, மறுபக்கம் மேலாக வரும். 32 மி.மீ. குமிழில் 7 மி.மீ. எடுத்தால் போதும். வி வெட்டும் சதுர உளிக்கு மூலை கீழ்நோக்கி இருக்கும், ஆகவே தட்டையைக் கண்ணாடிப் பலகையில் வைத்து, உளியின் பக்கத்தில் 45 டிகிரி மட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். தட்டையான வாய் கொண்ட உளிக்கு அதன் அடிமுகமும் கைப்பிடித் தட்டையும் இணையாக இருக்க வேண்டும். அரத்தால் இரண்டு இழுப்பு, ஒரு சோதனை. இங்கே பெல்ட் சாண்டரை நம்புவது வீண், கண் இமைப்பதற்குள் ஒரு மி.மீ. தின்றுவிடும்.

வார்னிஷ் வேண்டாம், வியர்வையில் வழுக்கும். ஆளி விதை எண்ணெய் மெல்லிய பூச்சாக மூன்று நான்கு. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்கள்.

இந்தக் கைப்பிடியின் இரண்டாம் பூச்சே இன்னும் காயவில்லை, அதற்குள் அடுத்த திட்டம்: எபாக்சிக்குப் பதில் எம்3 (3 மி.மீ.) திருகு வைத்து உளியை மாற்றிக்கொள்ளும் பிடி. 1 மி.மீ. சுவர்க் குழாயில் மரை இரண்டு சுற்றுதான் பிடிக்கும், இறுக்கினால் உரிந்துவிடும். ஆகவே குழாயை விட்டுவிட்டு, 14 மி.மீ. பித்தளைத் தண்டிலிருந்தே கனமான பூண் கடைய வேண்டும்.